இருட்டாக வரவேண்டிய படம்

தமிழ்ச் சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், நம் ஊரில் வாழும் தமிழர் ஒருவரைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். என்னைப் பற்றி எழுதினால் மலர் முழுக்க எனக்கே வேண்டியிருக்கும். ஸ்ரீராம்புரத்துச் சந்தில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் துடைத்து, அப்புறம் மைக்ராஸ்கோப் துடைத்து, அப்புறம் அதை ரிப்பேர் செய்து, கடைசியில் சொந்தக் கடை போட்டு அதையே விற்றவன். இன்றைக்கு பெங்களூரில் எந்த லேபுக்குப் போனாலும் கார்த்திகேசன் வந்திருக்கிறார் என்றால் நாற்காலி போட்டுக் காபி கொடுப்பார்கள். அது கிடக்கட்டும். நான் எழுதப்போவது என் கடையில் வேலை செய்யும் நோயலைப் பற்றி.

அவனிடம் கேட்டேன். "எழுதுங்க சார். ஆனா அந்த ஆஸ்பத்திரி விஷயத்தையும் எழுதுங்க. நல்லதை மட்டும் எழுதறதுன்னா வேணாம்" என்றான். அதனால் அதையே எழுதுகிறேன்.

நோயல் கோலார் தங்கவயல்காரன். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். இவன் சின்னவனாக இருக்கும்போதே நெஞ்சுக் கோளாறில் போய்விட்டார். வீட்டில் அவர் படம் என்று இருந்தது கம்பெனி பாஸில் ஒட்டிய தபால்தலை அளவுப் படம் ஒன்றுதான். அதில் கண்ணின் வெள்ளை தெரியும், சட்டைக் காலர் தெரியும், மற்றதெல்லாம் கருப்பு.

மாமா ஒருவர் இங்கே ஜீவனஹள்ளியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். நோயல் அங்கே வந்து ஒட்டிக்கொண்டான். டார்க் ரூம் வேலை, பென்சில் பிடித்து நெகட்டிவில் டச்சப் செய்வது, பிறகு கம்ப்யூட்டர் வந்ததும் அதிலே செய்வது என்று எல்லாம் பழகினான். கை வந்ததும் முதல் வேலையாக அப்பாவின் அந்தப் படத்தைப் பெரிசு பண்ணினான். இருட்டை விலக்கி, நெற்றி வரவழைத்து, கன்னம் வரவழைத்து, சட்டம் போட்டு ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவன் அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கண்ணன் சாயல் வந்துடுச்சுடா" என்றாராம். இருந்தாலும் சுவரில் மாட்டிக்கொண்டார். வெறும் இருட்டுக்கு முன்னால் எப்படி மெழுகுவத்தி ஏற்றுவது?

அன்றிலிருந்து நோயலுக்கு ஒரு பிடிவாதம். யாரையும் படத்தில் இருட்டாக விடமாட்டான். ரேஷன் கார்டுக்கு வருகிற கூலிக்காரர், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் எடுக்க வருகிற பெண், யாராக இருந்தாலும் முகம் பளிச்சென்று வரும். கூச்சத்தோடு உள்ளே வந்தவர்கள் படத்தை வாங்கிக்கொண்டு தலை நிமிர்ந்து போவதை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் மைக்ராஸ்கோப் மேலே பிலிம் கேமரா பூட்டிப் படம் எடுப்பார்கள். அந்த பிலிமை நான் அவன் ஸ்டுடியோவில்தான் கழுவக் கொடுப்பேன். ஆளைப் பார்த்தாலே தேறுமா தேறாதா என்று எனக்குத் தெரிந்துவிடும். லேபுகளில் டிஜிட்டல் கேமரா வர ஆரம்பித்ததும், "டேய், கிளம்பி வா. இனிமே உன் ஸ்டுடியோ என் கடைதான்" என்று கூட்டிவந்துவிட்டேன்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். கண்டோன்மென்ட் பக்கம் நடுத்தரமான ஆஸ்பத்திரி ஒன்று, பெயர் வேண்டாம். அங்கே ஃப்ளூரசன்ஸ் மைக்ராஸ்கோப் ஒன்று என் கையால் விற்றது. அது என்னவென்று படிக்காத நான் சொன்னால் எல்லாருக்கும் புரியும். சில வியாதிகளில் நம் ரத்தமே நம் உடம்பை எதிரியாக நினைத்துத் தாக்கும். அப்படி உண்டா என்று பார்க்க, நோயாளியின் ரத்தத்திலிருந்து தெளிநீரை எடுத்து ஒரு ஸ்லைடில் விட்டுச் சாயம் போட்டு, இருட்டறையில் நீல வெளிச்சம் பாய்ச்சுவார்கள். வியாதி இருந்தால் ஸ்லைடு பச்சையாக மின்னும். இல்லையென்றால் இருட்டாகவே இருக்கும். மின்னுவதிலும் ஒரு சங்கடம். பார்க்கப் பார்க்க மங்கிவிடும். அதனால் சட்டென்று படம் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு கேமரா, அந்தக் கேமராவை ஆட்டிவைக்கக் கம்ப்யூட்டரில் ஒரு சாப்ட்வேர். கேமரா வந்துவிட்டது. எந்த சாப்ட்வேர் என்பதுதான் பாக்கி. அந்தப் பொறுப்பை நோயலிடம் விட்டேன்.

கேமராவோடு வந்த சாப்ட்வேர் ஒன்று இருந்தது. வெளிநாட்டிலிருந்து தனியாக வரவழைத்தது இன்னொன்று. அதற்குக் கம்ப்யூட்டரின் பின்னால் சாவி மாதிரி ஒன்று சொருகினால்தான் திறக்கும். இரண்டையும் போட்டுக்காட்ட அந்த இருட்டறைக்குள் நாங்கள் நாலு பேர் நெருக்கியடித்து நின்றோம். லேபுக்குப் பெரியவர் டாக்டர் ஸ்ரீவித்யா, கனகாலமாக அங்கே டெக்னீஷியனாக இருக்கும் ஜோசஃபின், நோயல், நான்.

முதல் சாப்ட்வேரில் படம் மங்கலாக வந்தது. இருட்டுக்கு நடுவே அங்கங்கே பச்சைப் புள்ளி.

"கண்ணுல பார்க்கும்போது இதைவிட நல்லா தெரியுதே, நோயல்" என்றார் டாக்டரம்மா.

"இப்ப பாருங்க மேடம்" என்று நோயல் இரண்டாவதைத் திறந்தான். ஒரு தட்டு. மழை விட்ட மறுநாள் லால்பாக் புல்லு எப்படி இருக்கும், அப்படி ஒரு பச்சை.

ஜோசஃபின் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, கல்யாண ஆல்பமா போடப் போறோம்?"

"அக்கா, படம்னு எடுத்தா உள்ள இருக்கறது தெரியணும். தெரியலன்னா எதுக்குப் படம்?"

"நம்ம நோயல் கைக்கு இருட்டுன்னா ஆகாதும்மா" என்று நான் சிரித்தேன்.

டாக்டரம்மா மட்டும் கேட்க வேண்டியதைக் கேட்டார். "இதுல ஆட்டோன்னு ஒரு பெட்டியில டிக் போட்டிருக்கே, அது என்ன பண்ணும்?"

"ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு வெளிச்சம் வேணுமோ அதுவே பார்த்துக் குடுத்துடும் மேடம். நீங்க யாரும் கைய வைக்கவே வேணாம்."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. வெளிச்சமே வேண்டாத படத்தை அது என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை. அவன் வாழ்க்கையில் வெளிச்சம் வேண்டாத படத்தைப் பார்த்ததே கிடையாது.

அந்த சாப்ட்வேரே முடிவாயிற்று. தெரியாத கை பட்டு அந்த டிக் போய்விடக்கூடாதென்று நோயல் அந்தப் பெட்டியையே மெனுவுக்குள் ஒளித்துவைத்தான். பொறுப்பாகச் செய்கிறான் என்று நான் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்து, அந்த லேபில் எடுத்ததில் ரொம்ப அழகாக வந்த பச்சைப் படம் ஒன்றைப் பெரிசாக்கி, சட்டம் போட்டு, கடையில் என் நாற்காலிக்கு மேலே மாட்டினேன். வருகிறவர்களிடமெல்லாம், "பாருங்க, நம்ம பையன் போட்டுக்குடுத்தது" என்று சொல்வேன்.

டாக்டரம்மா பிரசவத்துக்கு லீவில் போனார். அவர் இருந்தவரை படமும் பார்ப்பார், மைக்ராஸ்கோப்பிலும் ஒரு தடவை கண்ணை வைப்பார். அவர் இடத்துக்கு வந்தவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வருகிற படத்தை மட்டும் பார்த்து ரிப்போர்ட் எழுதினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கண்ணை நோகடிக்காமல் ஏசி ரூமில் உட்கார்ந்தே பார்க்கலாம் என்று சொல்லி விற்றதே நான்தான்.

ஒரு நாள் ஜோசஃபின் கடைக்கு போன் செய்தார். "தம்பி, உன் சாப்ட்வேர் கெட்டுப்போச்சு. வெறும் ஸ்லைடு பச்சையா வருது."

வெறும் ஸ்லைடு என்றால், நோயே இல்லாத ஆளின் ரத்தம் விட்ட ஸ்லைடு. ஒவ்வொரு தடவையும் நோயாளிகளுடையதோடு அதையும் ஒன்று சேர்த்துச் செய்வார்கள். அது இருட்டாக வந்தால்தான் மற்றதை நம்பலாம். ஜோசஃபின் அதைக் கண்ணால் பார்த்து, இருட்டுதான் என்று ஒதுக்கிவைத்துவிடுவார், படம் எடுப்பதில்லை. அதையும் படம் எடுத்து வைக்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

நானும் அந்தப் பக்கம் போகிற வேலை இருந்ததால் நோயலோடு போனேன். அவன் இருட்டறைக்குள் போய் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தான். எடுத்தான். கம்ப்யூட்டரைப் பார்த்தான். மறுபடியும் கண்ணை வைத்தான். நானும் பார்த்தேன். கண்ணுக்குக் கும்மிருட்டு. திரையில் பச்சைப் பசேலென்று புல்லு.

"ஒயரு கியரு லூசா இருக்கான்னு பாரு தம்பி" என்றார் ஜோசஃபின்.

"கெட்டுப்போகலக்கா. நான் சொல்லிவெச்சதைத்தான் செய்யுது."

ஒளித்துவைத்த அந்தப் பெட்டியைத் தேடித் திறந்து டிக்கை எடுத்தான். திரை இருட்டாகிவிட்டது. எந்த ஸ்லைடிலும் கண்ணுக்கே தெரியாத அளவு ஒரு மினுக்கம் இருக்குமாம். படத்தில் இருப்பதில் எது அதிகமாக மின்னுகிறதோ அதை முழு வெளிச்சமாகத் தூக்கிக்காட்டுவதுதான் அந்த ஆட்டோ செய்கிற வேலை. நோய் இருந்தாலும் பச்சை, இல்லாவிட்டாலும் பச்சை. ஸ்டுடியோவில் யார் வந்து உட்கார்ந்தாலும் முகம் பளிச்சென்று வந்த மாதிரி.

ஜோசஃபின் மெதுவாகக் கேட்டார். "அப்ப இதுவரைக்கும் போன படமெல்லாம்?"

நான் வியாபாரி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வராது. "கண்ணால பார்த்து எழுதினதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதும்மா" என்றேன்.

"டாக்டரம்மா போனதுக்கப்புறம் யாரும் கண்ணால பார்க்கல சார்."

நாங்கள் வெளியே வந்தும் நோயல் அந்த இருட்டறையை விட்டு வரவில்லை. நான் கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் ஜோசஃபின்தான் உள்ளே போய், "எழுந்திரு தம்பி, முதல்ல டாக்டரம்மாவுக்கு போன் போடலாம்" என்று வெளியே கூட்டிவந்தார்.

மறுநாள் டாக்டரம்மா கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தார். ஃப்ரீசரில் வைத்திருந்த நோயாளிகளின் தெளிநீரையெல்லாம் எடுத்து, அவரே கண்ணை வைத்துத் திரும்பப் பார்த்தார். வியாதி அநேகமாக உண்டு என்று டாக்டர்கள் நினைத்தவர்களைத்தான் இந்த டெஸ்டுக்கு அனுப்புவார்கள் என்பதால், பெரும்பாலும் சரியாகவே இருந்தது. நோய் உண்டு என்று எழுதிக்கொடுத்த சிலருடைய ஸ்லைடு இருட்டாக இருந்தது. அதில் ஒருவருக்கு மட்டும் மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். அல்சூரில் இருக்கும் பாகீரதி டீச்சர். மூட்டுவலி, விட்டுவிட்டுக் காய்ச்சல் என்று வந்தவர்.

"தப்பு எங்க பேர்லயும் இருக்கு நோயல். படத்தை மட்டும் பார்த்து எழுதியிருக்கக் கூடாது" என்றார் டாக்டரம்மா. டீச்சருக்கு போன் செய்து நடந்ததை அவரே ஒளிக்காமல் சொன்னார். திரும்ப டெஸ்ட் எடுக்க வரச் சொன்னார். அத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

"நான் போய்ச் சொல்லணும் சார்" என்றான் நோயல், ஆஸ்பத்திரி வாசலில்.

"டாக்டரே சொல்லிட்டாங்களேப்பா. நீ யாரு போய்ச் சொல்ல? நீ என்ன டாக்டரா?"

"அவங்க படத்தைப் பளிச்சுனு ஆக்குனவன் நான்தானே சார்."

அவனைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. டாக்டரம்மா மூலம் கேட்டதில், வரட்டும் என்று டீச்சர் சொன்னாராம்.

அல்சூர் ஏரிக்குப் பின்னால் சின்னத் தெரு, மாடி வீடு. கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் நான் வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன். நாற்பது வயசுக்காரர் என்று சொல்லியிருந்தார்கள். வயசே சொல்ல முடியாத முகம், அந்த மாத்திரையால் உப்பி உருண்டையாகி, கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. பீரோ மேலே ஒரு படம் இருந்தது. ஒல்லியான முகம், எடுப்பான மூக்கு, ஏதோ கேலி பண்ணப்போகிற மாதிரி உதடு. நோயல் அந்தப் படத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். நூற்றுக்கணக்கான முகத்தில் கை வைத்தவன். ஒரு முகம் எங்கெங்கே மாறியிருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. அவன் அப்படிப் பார்ப்பதை டீச்சரும் கவனித்தார்.

"நீங்கதான் அந்தக் கம்ப்யூட்டர் ஆளா?"

"ஆமா டீச்சர்."

"உக்காருங்க."

நான் உட்கார்ந்தேன். அவன் உட்காரவில்லை என்று பார்த்ததும் எனக்கும் ஒரு மாதிரி ஆகி எழுந்துகொண்டேன்.

நோயல் நடந்ததைச் சொன்னான். பழியை டாக்டரம்மா மேலே போடவில்லை, மெஷின் மேலே போடவில்லை. அந்த டிக்கைப் போட்டது நான், ஒளித்துவைத்தது நான் என்று சொல்லி முடித்தான்.

"கிளாஸ்ல பசங்க என்ன பேசிக்கறாங்க தெரியுமா?" என்றார் டீச்சர். "டீச்சர் நல்லா சாப்பிடறாங்க, குண்டாயிட்டாங்கன்னு. ஒருத்தி மட்டும் கிட்ட வந்து, அழுதீங்களா டீச்சர், மூஞ்சி வீங்கியிருக்கேன்னா. அன்னிக்குத்தான் நிஜமாவே அழுதேன். எனக்கப்புறம் எங்கம்மாவ யாரு பாத்துக்கறதுன்னு தங்கச்சிகிட்ட பேசி முடிச்சு வெச்சிருக்கேன். அவ இந்த ஊருக்கே வீடு மாத்திக்கிட்டு வந்துட்டா. இப்ப அவகிட்ட என்னன்னு சொல்லட்டும்?"



டீச்சர் எழுந்துபோய் ஒரு பெரிய அட்டைப் படத்தைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூட குரூப் போட்டோ. "பின் வரிசையில போய் ஒளிஞ்சுக்கிட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் விடல. சீனியர் டீச்சர் நீங்கன்னு இழுத்து நடுவுல உக்கார வெச்சுட்டாங்க. வருஷா வருஷம் இந்த போட்டோ ஸ்கூல் சுவத்துல இருக்கும்."

நோயலுக்கு அப்போதுதான் பிடிக்க ஒரு கொம்பு கிடைத்த மாதிரி ஆயிற்று. கையை நீட்டினான். "டீச்சர், அதைக் குடுங்க. நான் ஸ்டுடியோவுல இருந்தவன். பீரோ மேல இருக்கற படத்தைப் பார்த்து உங்க முகத்தைப் பழையபடி பண்ணித் தரேன். பக்கத்துல உக்காந்தவங்களுக்குக்கூட வித்தியாசம் தெரியாது."

சரியாகச் சொன்னான் என்றே நானும் நினைத்தேன். தலையைக்கூட ஆட்டினேன்.

டீச்சர் அவனையே பார்த்தார். "திரும்பவும் அதையேதானே செய்யறேங்கறீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையைக் கேட்கிற மாதிரி கேட்டார். நோயலின் நீட்டிய கை அப்படியே நின்று, பிறகு அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டது. எத்தனையோ புரொபசர்கள் என்னை வாசலில் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறார்கள், ஆங்கிலத்தில், எனக்குப் புரியாது என்று நினைத்து. ஒரு நாளும் நான் தலை குனிந்ததில்லை. அன்றைக்கு அந்த வீட்டில், என்னைப் பார்த்துச் சொல்லாத ஒரு வார்த்தைக்கு, ஆட்டிய தலையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றேன்.

"காபி குடிச்சுட்டுப் போங்க" என்றார். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு என்ன யோக்கியதை? குடித்தோம். அவர் அம்மா உள்ளேயிருந்து கன்னடத்தில், "யாரு பந்திரோது?" என்று யார் வந்திருப்பது என விசாரித்தார். "ஆஸ்பத்திரி ஆளுங்கம்மா" என்று மட்டும் டீச்சர் சொன்னார். பெயரும் சொல்லவில்லை, காரணமும் சொல்லவில்லை. அவர் எங்களை மறைத்தது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

கடைக்குத் திரும்பியதும் நோயல் என் நாற்காலிக்கு மேலே இருந்த பச்சைப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "இது யாரோடதுன்னு தெரியல சார். நோய் இருக்கறவங்களோடதா, இல்லாதவங்களோடதா, எதுவும் சொல்ல முடியாது." நானே ஏறி அதைக் கழற்றினேன். அந்த இடத்தில் வேறு எதுவும் மாட்டவில்லை. ஆணி மட்டும் இருக்கிறது.

அந்த வாரமே நோயல் ஆஸ்பத்திரிக்குப் போய் கம்ப்யூட்டரின் பின்னால் சொருகியிருந்த அந்தச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டான். கேமராவோடு வந்த மங்கலான சாப்ட்வேரைப் போட்டு, எல்லா ஸ்லைடுக்கும் ஒரே வெளிச்சம், ஒரே அளவு என்று கட்டிவைத்தான். வெறும் ஸ்லைடு முதலில், அது இருட்டாக வந்த பிறகே மற்றது என்று ஜோசஃபினிடம் சொன்னான். "இதை நான் உனக்குச் சொல்லணும் தம்பி, நீ எனக்குச் சொல்ற" என்றார் அவர்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாதாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டுமாம். அதற்காக வந்துபோகும்போது ஒரு நாள் டீச்சர் தன் ஸ்லைடைத் தானே பார்க்கவேண்டும் என்று கேட்டார். வழக்கமாக விடமாட்டார்கள். டாக்டரம்மா விட்டார். நோயலும் அங்கே இருந்தான், மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு. ஜோசஃபின் படம் எடுத்தார். திரை இருட்டாக வந்தது.

"ஒண்ணுமே தெரியலையே" என்றார் டீச்சர்.

டாக்டரம்மா நோயலைத் திரும்பிப் பார்த்தார், அவனே சொல்லவேண்டி வந்தது. "ஒண்ணும் தெரியக் கூடாது டீச்சர்."

"நல்லா பார்த்துச் சொல்லுங்க."

"கண்ணாலயும் பார்த்தாச்சு. டாக்டரம்மா பார்த்தாங்க, அக்கா பார்த்தாங்க, நானும் பார்த்தேன்."

டீச்சர் அந்த இருட்டுத் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு இதுல ஒரு பிரிண்ட் வேணும்" என்றார். "தங்கச்சிகிட்ட காட்டணும்."

நோயல் பிரிண்ட் போட்டான். வெறும் கருப்புக்கு மை நிறைய இழுக்கும். பிரிண்டர் முனகி முனகிக் கொடுத்தது. ஈரம் காயும்வரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்று, பிறகு டீச்சரிடம் கொடுத்தான். அவர் அவன் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவனும் அதைக் கேட்கவில்லை.

இன்றும் நோயல் எந்த லேபுக்குப் போனாலும் முதலில் வெறும் ஸ்லைடை வைத்து, இருட்டுத் திரையைக் காட்டிவிட்டு நிற்பான். மெஷின் ஓடவில்லை என்று நினைத்து எங்களைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்தக் கட்டுரையோடு போட அவனிடம் ஒரு போட்டோ கேட்டேன். கடை வாசலில் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று எடுத்த படத்தைக் கொடுத்தான். சட்டை தெரிகிறது, முகம் தெரியவில்லை. மலர்க் குழுவிலிருந்து போன் செய்து, "முகத்தைக் கொஞ்சம் பளிச்சுனு பண்ணிக்கலாமா?" என்று கேட்டார்கள். வேண்டாம், வந்தபடியே போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதையும் மீறி அச்சகத்தில் யாராவது கை வைத்திருந்தால், அது நோயல் இல்லை.